யாரும் பார்க்காத இரும்புத் துண்டு

2024 ஜூலை 28 அன்று பாரிஸ் ஒலிம்பிக்கின் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் இறுதிச் சுற்றில் இந்தியாவின் மனு பாக்கர் வெண்கலம் வென்றார். அவருடைய கணக்கு 221.7-இல் முடிந்தபோது, ஒரு படி மேலே நின்ற தென்கொரியாவின் கிம் யேஜியின் கணக்கு 221.8. தங்கத்துக்கும் வெள்ளிக்குமான கடைசிப் போட்டியில் நிற்க 0.1 புள்ளி குறைந்துபோனது.

அந்த 0.1 எவ்வளவு தூரம்? ஏர் பிஸ்டல் இலக்கில் பத்தாம் வளையத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். அங்கிருந்து ஒவ்வொரு வளையமும் 8 மி.மீ. தள்ளித் தள்ளி வருகிறது. இறுதிச் சுற்றில் ஒவ்வொரு வளையத்தையும் பத்தாகக் கூறு போட்டுப் புள்ளி கொடுப்பதால், 0.1 என்பது இலக்கில் 0.8 மி.மீ. இதே கணக்கைப் பிஸ்டலுக்குக் கொண்டுவந்தால் இன்னும் சிறுத்துவிடும். குறி பார்க்க உதவும் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவே 32 செ.மீ. இருக்கிற பிஸ்டலில், பின் சைட் 0.026 மி.மீ. நகர்ந்தால் போதும், பத்து மீட்டர் தாண்டி குண்டு 0.8 மி.மீ. விலகியிருக்கும். தலைமுடியின் பருமனே 0.05 முதல் 0.1 மி.மீ. வரை. அரை முடி அகலம், அவ்வளவுதான்.

குழல், விசை, பிடி என்று பிஸ்டலில் பேர்போன பாகங்கள் நிறைய உண்டு. அவற்றைப் பற்றிப் பேச ஆட்களும் உண்டு. மேலே, பின் ஓரத்தில், விரல் நுனி அளவு கறுப்பு இரும்பாக உட்கார்ந்திருக்கிற பின் சைட்டைப் பற்றி, அது ஆட்டம் கொடுக்காத வரை யாரும் வாய் திறப்பதில்லை. ஆடாமல் இருப்பதுதான் அதன் முழு வேலை. அந்த வேலையில் எவ்வளவு நுட்பம் இருக்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

அதன் வடிவத்திலிருந்து தொடங்கலாம். ஒரு சிறு தகடு. அதன் நடுவே சதுரமாக வெட்டிய ஒரு பிளவு. குழலின் நுனியில் இருக்கும் முன் சைட் நிமிர்ந்து நிற்கும் ஒரு முள். முள் பிளவின் நடுவே வந்து நிற்க வேண்டும். இரண்டின் தலையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். முள்ளின் இரு பக்கமும் சம அகலத்தில் வெளிச்சம் தெரிய வேண்டும். குறி பார்ப்பது என்று நாம் சொல்வது முக்கால்வாசி இந்த இரண்டு வெளிச்சக் கீற்றுகளைச் சமமாக்குவதுதான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மனிதக் கண்ணால் ஒரு நேரத்தில் ஒரு தூரத்தைத்தான் தெளிவாகப் பார்க்க முடியும். பின் சைட், முன் சைட், இலக்கு மூன்றும் மூன்று தூரத்தில் இருக்கின்றன. பழகியவர்கள் பார்வையை முன் சைட்டில் நிறுத்துவார்கள். இலக்கு கலங்கலான ஒரு கறுப்பு வட்டமாகத் தெரியும். பின் சைட்டின் விளிம்பும் மங்கிவிடும். ஆக, பின் சைட்டை யாரும் பார்ப்பதே இல்லை. அதன் வழியாகத்தான் பார்க்கிறார்கள். அப்படியிருந்தும் கணக்கு தப்புவதில்லை. பிளவின் இரண்டு விளிம்பும் ஒரே அளவு மங்குவதால் வெளிச்சக் கீற்றுகளின் சமநிலை கெடுவதில்லை.

கண்ணின் இன்னொரு திறமையும் இங்கே கைகொடுக்கிறது. இரண்டு புள்ளிகளைத் தனித்தனியாகப் பிரித்தறிய, நல்ல பார்வை உள்ளவருக்கும் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு இடைவெளி வேண்டும். ஆனால் இரண்டு கோடுகள் நேராக இருக்கின்றனவா, சற்று விலகியிருக்கின்றனவா என்று கண்டுபிடிப்பதில் அதே கண் பத்து மடங்குக்கும் மேல் கூர்மை காட்டும். வெர்னியர் அளவுகோலை நம்மால் படிக்க முடிவதே இந்தத் திறமையால்தான். கையை நீட்டினால் எட்டும் தூரத்தில், நல்ல வெளிச்சத்தில், 0.02 மி.மீ.க்கும் குறைவான விலகலைக் கண் உணர்ந்துவிடும். கண்ணுக்கு இருக்கும் அந்தக் கூர்மைக்கு ஈடாக இரும்பும் நின்றுகொடுக்க வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவு பாடு.

பின் சைட்டின் பின்முகத்தைச் சாய்த்துப் பார்த்தால் மெல்லிய கோடுகள் நெருக்கமாகக் கிழித்திருப்பது தெரியும். அழகுக்காகக் கிழித்தவை என்று தோன்றும். மேலிருந்து விழும் வெளிச்சம் சுடுகிறவரின் கண்ணில் பளிச்சிடாமல் சிதறட்டும் என்பதுதான் காரணம். கறுப்பும் மினுக்கம் இல்லாத கறுப்பாக இருக்க வேண்டும். பழைய காலத்தில் இலக்கு சுடுகிறவர்கள் கார்பைடு விளக்கையோ கற்பூரத்தையோ கொளுத்தி, அந்தப் புகையில் சைட்டைக் காட்டி எடுப்பார்கள். கற்பூரக் கரி விரல் பட்டால் அழிந்துவிடும். படாத வரை அதைவிட ஆழமான கறுப்பு கிடைப்பது அரிது.

பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய திறந்தவெளியில் சுடுகிறவர்களுக்கு வெளிச்சத்தின் இந்தக் குறும்பு நன்றாகத் தெரியும். மலைத்தொடர் விலகி வழிவிட்ட இடம் அது. பனிக்காலத்தில் கிழக்கிலிருந்து காற்று தடையில்லாமல் வீசும். வெயிலும் சாய்வாக வந்து விழும். முள்ளின் ஒரு பக்கம் பளபளத்தால் அதன் உண்மையான விளிம்பு எது என்று கண் ஏமாறும். இடுக்கி மலையில் வேறு கதை. மூணாறில் மூடுபனி வந்தால் கீற்று வெளிச்சமே சாம்பல் பூத்துவிடும். அங்கிருந்து கீழே இறங்கி மழை மறைவுப் பகுதியான மறையூருக்கு வந்தால் வானம் திறந்திருக்கும். ஒரே சைட், ஒரே நாளில், இரண்டு விதமாகத் தெரியும்.

கேரள-தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய இந்த ஊர்களில் பிஸ்டலைப் பார்த்தவர்கள் குறைவு. உரிமத் துப்பாக்கி என்றால் பெரும்பாலும் ஒற்றைக்குழலோ இரட்டைக்குழலோதான். மரவள்ளியையும் வாழையையும் காட்டுப்பன்றி தோண்டிப் போடுகிற ஊர்கள் இவை. 2022-இல் கேரள அரசு, பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட அனுமதி தரும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களிடம் கொடுத்த பிறகு, உரிமம் வைத்திருக்கும் சுடுகாரர்களுக்கு மதிப்புக் கூடியது. அவர்கள் கையிலிருக்கும் இரட்டைக்குழலை வாங்கிப் பார்த்தால் நுனியில் ஒரு மணி மட்டும் இருக்கும். பின் சைட் என்று ஒன்று கிடையாது.

உண்மையில் அங்கேயும் பின் சைட் உண்டு. சுடுகிறவரின் கண்தான் அது. கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் பதித்தால் கண்ணும் அதே இடத்தில் வந்து நிற்கும். கன்னம் சற்று எழும்பினால் ரவை மேலே போய்விடும். இரட்டைக்குழலில் ஆளே பாகமாகிறார். பிஸ்டலில் கன்னம் வைக்க இடமில்லை, நீட்டிய கையின் முனையில் அது தனியாக நிற்கிறது. அதனால் கன்னம் செய்யும் வேலையை ஓர் இரும்புத் துண்டிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். அந்தத் துண்டு ஆடினால், கன்னத்தை எங்கெங்கோ வைத்துச் சுடுகிற கதைதான்.

எப்படி ஆடாமல் நிற்கிறது? பல பிஸ்டல்களில் குறுக்காக ஒரு பள்ளம் வெட்டியிருப்பார்கள். அடி அகன்று, வாய் குறுகிய பள்ளம். டவ்டெயில் என்பது பட்டறைப் பேச்சு. சைட்டின் அடிப்பாகமும் அதே சாய்வில் அகன்றிருக்கும். மேலிருந்து வைக்க முடியாது. பக்கவாட்டில் செலுத்தித் தட்டித்தான் ஏற்ற வேண்டும். ஏறியபின் மேலே எழும்ப வழியில்லை, முன்னும் பின்னும் நகர வழியில்லை. பக்கவாட்டில் நகராமல் பிடித்துவைப்பது இரண்டு சாய்ந்த சுவர்களின் இறுக்கம் மட்டுமே. காவல்துறையில் பலகாலம் புழங்கிய, இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலையில் செய்த 9 மி.மீ. பிஸ்டலில் பின் சைட் இப்படித்தான் உட்கார்ந்திருக்கிறது. பசை கிடையாது, பற்றவைப்பு கிடையாது. போட்டிப் பிஸ்டல்களில் இதோடு சிறு திருகுகளும் சுருள்வில்லும் சேரும். இடவலமாகவும் மேலும் கீழுமாகவும் கிளிக் கிளிக்கென்று நகர்த்த வேண்டும் என்பதால், அசையவும் வேண்டும், அசையாமலும் நிற்க வேண்டும்.

இதைக் கெடுக்கும் சங்கதிகள் பெரியவை இல்லை. ஒவ்வொரு வெடிக்கும் ஓர் உதை. பெண்களுக்கான 25 மீட்டர் பிஸ்டலில் தகுதிச் சுற்றுக்கே 60 குண்டு. பயிற்சியையும் சேர்த்தால் கணக்கு எங்கோ போகும். ஒவ்வொரு உதையிலும் திருகு கண்ணுக்குத் தெரியாமல் இளகும். கூடவே எண்ணெய். தென்மேற்குப் பருவத்தில் இரும்பு துருப்பிடிக்கும் பயத்தில் தாராளமாக எண்ணெய் பூசுவது இந்தப் பக்கத்து வழக்கம். அந்த எண்ணெய் பள்ளத்துக்குள் இறங்கி, உராய்வை நம்பி நிற்கும் பாகத்துக்கு வழுக்கலைக் கொடுத்துவிடும். துருவிலிருந்து காப்பாற்றிய கைதான் ஆட்டத்துக்கும் வழிவிடுகிறது.

பாலக்காட்டுப் பக்கத்தில், உரிமம் பெற்ற ஒரு துப்பாக்கிப் பட்டறையில் இதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைப் பழுதுபார்க்கவும் உரிமம் வேண்டும். வேலை செய்தவர் போலீஸ் முகாமில் ஆர்மரராக இருந்து ஓய்வுபெற்ற கொழிஞ்சாம்பாறைக்காரர். பிஸ்டலைக் கொண்டுவந்தவர்கள் ரைஃபிள் சங்கத்துக்காரர்கள். கூட வந்திருந்தது, அந்தப் பிஸ்டலில் பயிற்சி எடுக்கிற மறையூர்ப் பெண்.

"சார், நல்லா பத்துல விழுந்துட்டு இருந்துச்சு. இப்ப ஒண்ணு இடது, ஒண்ணு வலது. விசைய இழுக்கறப்ப விரல் இழுக்குதுன்னு கோச் சொல்றாங்க."

"இருக்கட்டும் கண்ணு. மொதல்ல இரும்பக் கேப்போம். அப்புறம் விரலக் கேக்கலாம்."

அவர் கேட்ட விதம் அழகு. மேகசினைக் கழற்றினார். அறையைத் திறந்து கண்ணால் பார்த்தார், பிறகு சுண்டுவிரலை விட்டும் பார்த்தார். பிஸ்டல் காலிதான் என்று பெண்ணிடமும் காட்டினார். சைட்டைப் பெருவிரலால் இடவலமாக அழுத்தினார். எனக்கு எதுவும் அசைந்த மாதிரி தெரியவில்லை. அடுத்து, சைட்டும் பள்ளமும் சேரும் விளிம்பில் ஊசிமுனையால் ஒரு பொட்டு எண்ணெய் வைத்து மறுபடி அழுத்தினார். எண்ணெய்க் கோடு மூச்சு விடுவதுபோல் உள்ளே போய் வெளியே வந்தது.

"பாத்தியா? உள்ள எடம் இருக்கு."

கண்ணும் விரலும் பிடிக்காத ஆட்டத்தை ஒரு பொட்டு எண்ணெய் காட்டிக்கொடுத்துவிட்டது. அந்தப் பெண் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவள் சுடும் 25 மீட்டர் துல்லியச் சுற்றின் இலக்கில் பத்தாம் வளையம் 50 மி.மீ.; வளையத்துக்கு வளையம் 25 மி.மீ. அந்தப் பிரிவில் இரண்டு சைட்டுக்கும் நடுவே அதிகபட்சம் 22 செ.மீ.தான் இருக்கலாம் என்பது விதி. கணக்குப் போட்டால், பின் சைட் 0.22 மி.மீ. நகர்ந்தால் குண்டு ஒரு முழு வளையம் தள்ளிப்போகும்.

பிறகுதான் பழுது. மரத்துண்டும் தோலும் வைத்து வைஸில் பிஸ்டலின் மேற்பாகத்தைப் பிடித்தார். திருகின் வெட்டுக்குக் கச்சிதமாகப் பொருந்தும் திருப்புளியைத் தேர்ந்தெடுக்கவே கொஞ்ச நேரம் எடுத்தார். அகலம் குறைந்த முனை திருகின் தலையைச் சிதைக்கும்; அகலம் கூடினது சுற்றியிருக்கும் இரும்பைக் கீறும். திருகு வெளியே வந்ததும் அதன் முனையை லென்ஸில் பார்த்தார். தேய்ந்து மழுங்கி, பள்ளத்தின் தரையைக் கவ்வுவதற்குப் பதிலாக வழுக்கிக்கொண்டு இருந்திருக்கிறது. பித்தளைப் பஞ்ச்சை வைத்துச் சைட்டைத் தட்டி வெளியே எடுத்தார். பித்தளை இரும்பைவிட மெத்தென்றது. அடி வாங்கினால் தான் நசுங்கும், சைட்டில் தழும்பு விடாது. தட்டுமுன் பள்ளத்தின் இரு முனையையும் வெர்னியரால் அளந்தார். சில பிஸ்டல்களில் பள்ளம் ஒரு பக்கம் மயிரிழை அகன்றிருக்கும். அந்தப் பக்கமாகத்தான் எடுக்க வேண்டும், அந்தப் பக்கமாகத்தான் ஏற்ற வேண்டும். தெரியாமல் எதிர்ப்பக்கம் தட்டினால் பள்ளத்தின் உதடு கிழிந்துவிடும்.

அசிட்டோன் நனைத்த துணியால் பள்ளத்தைத் துடைத்தார். முதல் துணியில் கறுப்பு, அடுத்ததில் பழுப்பு, கடைசித் துணி வெள்ளையாகவே வந்தது. அதன்பிறகே அடுத்த வேலை. ஃபீலர் கேஜின் 0.05 மி.மீ. இதழ் சைட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவே தயங்காமல் நுழைந்தது. இடைவெளியை அடைக்க இரண்டு வழி. பள்ளத்தின் தரையில் கூரான பஞ்ச்சால் சில புள்ளிகள் குத்தினால் ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் இரும்பு இம்மியளவு எழும்பி இறுக்கம் கொடுக்கும். பல பட்டறைகளில் நடப்பது இதுதான். அவர் அதைச் செய்யவில்லை.

"குத்தினா பிஸ்டல்ல குத்துவோம். அது போனா போனதுதான். தகடு வெச்சா நாளைக்கு எடுத்துடலாம்."

அதே 0.05 மி.மீ. தடிப்பில் ஒரு ஸ்டீல் ஷிம் தகட்டைக் கத்தரித்து அடியில் வைத்தார். இறுக்கம் கூடிப்போனால் அரத்தை எங்கே வைப்பது என்பதிலும் அவருக்கு ஒரு நியதி. தேய்ப்பதென்றால் சைட்டின் அடியைத்தான் தேய்க்க வேண்டும், பள்ளத்தைத் தொடக்கூடாது. சைட் போனால் வேறு சைட் வாங்கலாம். மாற்ற முடியாததைத் தொடாமல் மாற்றக்கூடியதில் கை வைப்பது என்ற இந்த ஒழுங்கு அவருடைய ஒவ்வொரு அசைவிலும் இருந்தது. புதுத் திருகு இளகாமலிருக்க லாக்டைட் பசை இட்டபோதும் நீலத்தைத்தான் எடுத்தார். சிவப்பு இன்னும் அழுத்தமாகப் பிடிக்கும், ஆனால் சூடுகாட்டாமல் கழற்றுவது பெரும்பாடு. திருகின் மரையில் ஒரு துளி. அந்தத் துளியும் பாதிதான் தேவை என்று துணியில் ஒற்றி எடுத்தார்.

சைட்டை நடுவுக்குக் கொண்டுவரத் தட்டிய தட்டுகளைத்தான் சொல்லி மாளாது. பாலக்காட்டுக்குப் பக்கத்தில் பெருவெம்பா என்ற ஊரில் மிருதங்கமும் செண்டையும் செய்கிற குடும்பங்கள் இருக்கின்றன. மிருதங்கத்தின் வலந்தலை மூட்டில் கட்டையை வைத்துக் கல்லால் தட்டிச் சுருதி சேர்ப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கை தெரியும். உள்நோக்கித் தட்டினால் சுருதி ஏறும், வெளிநோக்கித் தட்டினால் இறங்கும். அடியின் கனத்தைவிட அடுத்த அடிக்கு முன்னால் காது கொடுத்துக் கேட்கிற இடைவெளிதான் முக்கியம். இவரும் ஒரு தட்டு, ஓர் அளவு, மறுபடி ஒரு தட்டு என்றுதான் போனார். வெர்னியரில் இரு பக்கமும் ஒரே எண் வந்ததும் சுத்தியலைக் கீழே வைத்தார். இன்னும் ஒரு தட்டுத் தட்டிப் பார்க்கலாம் என்ற ஆசை கையில் எழுவதை நான் பார்த்தேன். அதை அடக்கியதையும் பார்த்தேன்.

கடைசியாக, சைட்டின் அடிப்பாகத்திலிருந்து பிஸ்டலின் உடம்பு வரை குறுக்கே வெள்ளைப் பெயின்ட்டால் முடி போன்ற ஒரு கோடு. அடிப்பாகம் எப்போது நகர்ந்தாலும் கோடு இரண்டாக முறிந்து காட்டிவிடும். ஒரு பழுதின் நேர்மைக்கு இதைவிட மலிவான சாட்சி இருக்க முடியாது.

2021 ஜூலை 25 அன்று டோக்கியோ ஒலிம்பிக்கில் மனு பாக்கருக்கு நேர்ந்ததை இதோடு வைத்துப் பார்க்கலாம். தகுதிச் சுற்றின் நடுவே பிஸ்டலின் காக்கிங் லீவர் உடைந்தது. சரிசெய்து திரும்ப ஏறக்குறைய 20 நிமிடம் போனது. முடிவில் 575 புள்ளி, 12-ஆம் இடம். இறுதிச் சுற்றுக்குள் நுழைய 577 வேண்டியிருந்தது. அது கொடுமையான விபத்துதான். ஆனால் உடைந்த லீவர் உடைந்துவிட்டேன் என்று சொல்லிவிடுகிறது. எல்லோரும் பார்த்தார்கள், எல்லோரும் நம்பினார்கள். இளகிய பின் சைட் அப்படிச் சொல்லாது. குண்டு தள்ளி விழும்; சுடுகிறவர் மூச்சைச் சந்தேகிப்பார், நிற்கும் நிலையை மாற்றுவார், தூக்கம் போதவில்லையோ என்பார். சரியாக இருந்த விரலைத் திருத்தித் திருத்திக் கெடுத்துக்கொள்வார். ஒரு திருகின் தளர்வு ஓர் ஆளின் தன்னம்பிக்கைக்குள் இறங்கி வேலை செய்யும். வெண்மையாக வரும்வரை துடைத்த துணியும், பாதியாக ஒற்றி எடுத்த லாக்டைட் துளியும் இதற்குத்தான் எதிர்நிற்கின்றன. அந்தப் பழுதைக் கலை என்று சொல்ல நான் தயங்காததும் இதனால்தான்.

லாக்டைட் முழுதாகக் காய 24 மணி நேரம் வேண்டும். அது காய்ந்தபின் பயிற்சிக் கூடத்தில் நடந்ததைச் சங்கத்துக்காரர்கள் சொன்னார்கள். முதல் ஐந்து குண்டும் ஒரே இடத்தில் கூடி விழுந்தன, ஆனால் நடுவுக்குச் சற்று இடப்பக்கமாக. குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் பின் சைட்டை நகர்த்த வேண்டும் என்பது விதி. வலப்பக்கம் சில கிளிக் திருப்பியதும் கூட்டம் நடுவுக்கு வந்தது. வெள்ளைக் கோடு முறியவில்லை. இன்னொரு சுற்றில் ஒரு குண்டு தனியாக எட்டாம் வளையத்தில் போய் விழுந்தபோது, அந்தப் பெண் சைட்டைத் திரும்பிப் பார்க்கவில்லையாம். "இது நான் இழுத்தது" என்று சொல்லிவிட்டு அடுத்த குண்டுக்குக் கையை உயர்த்தியிருக்கிறாள்.